புதிய கணினி அமைக்கிறீர்களா? மதர்போர்டில் முதலில் பார்க்க வேண்டியது என்ன?

மும்பை: வீட்டிலேயே புதிதாகக் கணினி அமைக்க விரும்புவோர் பெரும்பாலும் பிராசசரின் பெயரையும் ரேமின் அளவையும் முடிவு செய்துகொண்டுதான் கடைக்குச் செல்கின்றனர். இவற்றைத் தாங்கி நிற்கும் மதர்போர்டு, கடைசியில் கையில் மிஞ்சும் தொகைக்கு ஏற்பத் தேர்வு செய்யப்படுகிறது. ஆனால், சில ஆண்டுகளுக்குப் பின் அந்தக் கணினியை மேம்படுத்த முடியுமா, அல்லது முற்றிலும் மாற்ற வேண்டியிருக்குமா என்பதை நிர்ணயிப்பது இந்தப் பலகையே.

மும்பையில் கணினி உதிரிபாகங்களின் முதன்மைச் சந்தை, கிராண்ட் ரோடு ரயில் நிலையம் அருகேயுள்ள லேமிங்டன் சாலை. டாக்டர் தாதாசாகேப் பட்கம்கர் மார்க் எனப் பெயர் மாற்றப்பட்ட பின்னரும், ஆங்கிலேய ஆளுநர் ஒருவரின் பெயரே மக்கள் நாவில் நிலைத்துவிட்டது. தாராவி மக்கள் மாகிமிலிருந்தும், மாட்டுங்கா மக்கள் மாட்டுங்கா ரோடு நிலையத்திலிருந்தும் மேற்கு ரயில் பாதையில் நேரடியாக அங்கு செல்லலாம். செம்பூரிலிருந்து வருவோர் இடையில் ரயில் மாற வேண்டும்.

குறைந்த விலையில் கணினி கேட்போருக்கு இத்தகைய சந்தைகளில் காட்டப்படும் பலகைகளில் எச்61, எச்81 ரகங்கள் இன்றும் உண்டு. பெட்டி புதியது, பலகையும் புதியது. ஆனால், எச்61 சிப்செட்டை இன்டெல் அறிமுகப்படுத்தியது 2011-ல். எச்81 வந்தது 2013-ல். இவற்றில் பொருந்தும் பிராசசர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டவை. விண்டோஸ் 11 இயங்குதளத்துக்கு மைக்ரோசாஃப்ட் வகுத்துள்ள தகுதிகளான டிபிஎம் 2.0 பாதுகாப்பு வசதியும், பொதுவாக இன்டெல் 8-ம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசசரும் இவற்றில் அமையாது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவோ 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. லினக்ஸ் போதும், தட்டச்சும் பாடக் காணொலிகளும் மட்டுமே தேவை என்போர் தெரிந்தே இதை வாங்கினால் தவறில்லை. கல்லூரிப் படிப்பு முழுவதற்கும் பயன்படும் என நம்பி வாங்குவோருக்குத்தான் இழப்பு.

புதிய ரகங்களில் முதலில் கேட்க வேண்டியது சாக்கெட், அதாவது பிராசசர் அமரும் இடம். ஏஎம்டி நிறுவனத்தின் ஏஎம்4 சாக்கெட் இதற்கு நல்ல உதாரணம். 2017-ல் முதல் தலைமுறை ரைசனுடன் வாங்கப்பட்ட பலகைகள் பலவற்றில், பயாஸ் மென்பொருளைப் புதுப்பித்து, 2022-ல் வெளியான ரைசன் 7 5800எக்ஸ்3டி பிராசசரைப் பொருத்த முடிந்தது. பலகை, ரேம் எதையும் மாற்றத் தேவையில்லை. 2022-ல் வந்த ஏஎம்5 சாக்கெட்டுக்கு 2027-ம் ஆண்டு வரையிலும் அதற்குப் பின்னரும் ஆதரவு தொடரும் என அந்நிறுவனம் அறிவித்துள்ளது. இன்டெலின் எல்ஜிஏ1700 சாக்கெட், 2021 முதல் 2023 வரை வெளியான 12, 13, 14-ம் தலைமுறைகளை ஏற்றது. 2024-ல் எல்ஜிஏ1851 வந்ததும் புதிய பிராசசருக்குப் புதிய பலகை தேவைப்பட்டது.

பலகையின் சாக்கெட் பொருந்தினாலும், கடையில் நெடுநாள் இருந்த பலகை புதிய பிராசசரை அடையாளம் காணாமல் போகலாம். திரையில் எதுவும் தோன்றாது. பழுது என்றே எண்ணத் தோன்றும். பயாஸைப் புதுப்பித்துத் தருமாறு கடையிலேயே கேட்பது நல்லது.

ரேம் விஷயத்தில் சமரசத்துக்கு இடமில்லை. டிடிஆர்4, டிடிஆர்5 ஆகியவற்றின் வெட்டு வெவ்வேறு இடத்தில் இருப்பதால், ஒன்றுக்கான இடத்தில் மற்றொன்று நுழையாது. ஏஎம்5, எல்ஜிஏ1851 இரண்டும் டிடிஆர்5-ஐ மட்டுமே ஏற்கும். செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களின் தேவையால் 2025 இறுதியில் ரேம் விலை கடுமையாக உயர்ந்தது. எனவே, பழைய கணினியில் நல்ல டிடிஆர்4 ரேம் வைத்திருப்போர், அதை ஏற்கும் எல்ஜிஏ1700 அல்லது ஏஎம்4 பலகையைப் பரிசீலிக்கலாம்.

அடுத்தது மின்சாரம். பிராசசருக்கு மின்னழுத்தத்தைச் சீராக்கி அளிக்கும் பகுதிக்கு விஆர்எம் என்று பெயர். இன்டெல் கோர் ஐ5-12400 உச்ச வேகத்தில் சுமார் 117 வாட் எடுக்கும். ஐ9-14900கே 253 வாட் வரை கேட்கும். இரண்டும் ஒரே சாக்கெட்டில் பொருந்துகின்றன என்பதற்காக, பின்னதை எளிய எச்610 பலகையில் பொருத்தினால் சூடேறி வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். குளிர்சாதன வசதியில்லாத சிறிய அறையில் இது விரைவில் தெரியவரும். வண்ண விளக்குகளுக்குத் தரும் பணத்தை விஆர்எம் மீது உலோக வெப்பத்தணிப்பான் உள்ள பலகைக்குத் தருவதே மேல்.

பலகையில் எச்டிஎம்ஐ துளை இருப்பதால் மட்டும் திரையில் படம் வந்துவிடாது. பெயரின் இறுதியில் எஃப் என்ற எழுத்துள்ள இன்டெல் பிராசசர்களிலும், ரைசன் 5 5600 போன்றவற்றிலும் உள்ளமைந்த கிராபிக்ஸ் கிடையாது. தனி கிராபிக்ஸ் கார்டு வாங்க வேண்டும். இடம் குறைந்த வீடுகளுக்கு, 24.4 செ.மீ. சதுர மைக்ரோ ஏடிஎக்ஸ் பலகையே பெரும்பாலும் போதும். அதைவிடச் சிறிய 17 செ.மீ. மினி ஐடிஎக்ஸ் பொதுவாக விலை கூடியது.

பணம் கொடுக்குமுன் பெட்டியைக் கடையிலேயே திறந்து பார்ப்பது அவசியம். இன்றைய இன்டெல் பலகைகளிலும் ஏஎம்5 பலகைகளிலும் நுண்ணிய ஊசிகள் பிராசசரில் அல்ல, பலகையின் சாக்கெட்டில்தான் உள்ளன. அவை வளைந்திருந்தால் உத்தரவாதம் பெரும்பாலும் மறுக்கப்படும். 18 சதவீத ஜிஎஸ்டி மிச்சமாகும் என ரசீதின்றி வாங்குவோர், பின்னர் உத்தரவாதம் கோரும்போது வாங்கிய நாளை நிரூபிக்க இயலாமல் தவிக்க நேரிடும். ரசீதில் பலகையின் வரிசை எண் எழுதப்பட்டிருக்க வேண்டும். கடைக்காரர் பொறுப்பேற்க மறுத்தால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் அளிக்கலாம்.