மார்க்கா பள்ளத்தாக்கு டிரெக்கிங்: கம்ப்யூட்டரில் திட்டமிடுவது எப்படி?

கம்ப்யூட்டர் வாங்கி மூன்று மாதமாகியும் எக்ஸெலைத் திறந்தே பார்க்காதவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். மளிகைக் கணக்கு போட்டுப் பார்த்து அலுத்துப் போனவர்களும் உண்டு. நான் அதை உருப்படியாகப் பயன்படுத்தியது லடாக்கின் மார்க்கா பள்ளத்தாக்கில் நடைப்பயணம் போகத் திட்டமிட்டபோதுதான்.

பருவமழையை இமயமலை தடுத்துவிடுவதால் லடாக் ஒரு குளிர் பாலைவனம். லே நகரில் ஆண்டு முழுவதும் சுமார் 100 மி.மீ. மழைதான். மார்க்கா ஆற்றை ஒட்டி மட்டும் பார்லி வயல்களும் சிறு கிராமங்களும் இருக்கின்றன. அந்த வீடுகளிலேயே தங்கலாம். இதற்கு ஹோம்ஸ்டே என்று பெயர். இரவுச் சாப்பாடு, காலைச் சிற்றுண்டி, வழிக்குக் கட்டிக்கொடுக்கும் மதியச் சாப்பாடு எல்லாம் பொதுவாக வாடகையிலேயே அடங்கிவிடும். கூடாரம், அடுப்பு எதையும் சுமக்க வேண்டாம். ஜூன் கடைசி முதல் செப்டம்பர் வரை ஏற்ற காலம்.

சௌகரியம்தான். ஆனால் வீடு எங்கே இருக்கிறதோ அங்கேதான் தூங்க முடியும். சிக்கலும் இங்கேதான்.

முதல் முறை அலுவலக நண்பர்கள் மூன்று பேர் போனோம். திட்டம் முழுவதும் என் மண்டைக்குள்தான் இருந்தது. கடைசி இரவு நிமாலிங்கில் ஒருவனுக்குத் தலைவலி, வாந்தி. எழுந்து நடந்தபோது குடித்தவன் போலத் தள்ளாடினான். மலை உயர நோய் மூளையைத் தொட்டதற்கான அறிகுறி இது. விடியும்வரை காத்திருக்காமல் டார்ச் வெளிச்சத்தில் கைத்தாங்கலாகக் கீழே இறக்கினோம். இறங்க இறங்கத் தெளிந்தான். ஊர் திரும்பியதும்தான் கணக்கு போட்டுப் பார்த்தேன்.

விதி எளிமையானது. 3,000 மீட்டருக்கு மேல் போனால், தூங்கும் உயரம் ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது. பகலில் எவ்வளவு ஏறினீர்கள் என்பதை விட, இரவு எங்கே படுத்தீர்கள் என்பதே முக்கியம்.

உயரத்தைக் கண்டுபிடிக்க கூகுள் எர்த் புரோ போதும். ஊரின் மேல் மவுஸைக் கொண்டுபோனால் திரையின் கீழே வலது மூலையில் 'எலெவ்' என்று தெரியும். பக்கத்தில் இருக்கும் 'ஐ ஆல்ட்' என்பதைக் குறித்துவிடாதீர்கள். அது நீங்கள் எவ்வளவு உயரத்திலிருந்து பார்க்கிறீர்கள் என்பது. அடியா, மீட்டரா என்பதையும் ஆப்ஷன்ஸில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது எக்ஸெலில் நான்கு தலைப்புகள் கொடுங்கள்: தேதி, ஊர், உயரம், ஏற்றம். இரவுக்கு ஒரு வரிசை. லே 3,500 மீட்டர். அங்கே முதலில் மூன்று இரவுகள். சிலிங் வழியாக வண்டியில் ஸ்கியூ, சுமார் 3,400. பிறகு நடை: மார்க்கா கிராமம் 3,750, ஹங்கர் 4,000, நிமாலிங் 4,750. நிமாலிங் மேய்ச்சல் வெளி. அங்கே வீடு கிடையாது, சீசனில் போடும் கூடாரங்கள்தான்.

இரண்டாவது இரவின் 'ஏற்றம்' செல்லில் = டைப் செய்து, அதே வரிசையின் உயரத்தை கிளிக் செய்யுங்கள். மைனஸ் தட்டி, மேல் வரிசையின் உயரத்தை கிளிக் செய்து என்டர் தட்டுங்கள். செல்லின் மூலையில் உள்ள சிறு சதுரத்தைப் பிடித்துக் கீழே இழுத்தால் மற்ற வரிசைகளும் நிரம்பிவிடும். பிறகு அந்தப் பத்தியை செலக்ட் செய்து, ஹோம் டேபில் கண்டிஷனல் பார்மட்டிங், ஹைலைட் செல்ஸ் ரூல்ஸ், கிரேட்டர் தேன் என்று போய் 500 கொடுங்கள்.

நிமாலிங் மட்டும் சிவப்பானது. 750! என் நண்பன் தள்ளாடிய அதே இரவு.

ஹங்கருக்கும் நிமாலிங்குக்கும் இடையே தங்க வீடு இல்லை. எனவே ஹங்கரில் இன்னொரு இரவு. நிமாலிங் வரிசையில் ரைட் கிளிக் செய்து இன்சர்ட் கொடுத்தேன். புது வரிசையில் ஃபார்முலா தானாக வராது, நிரப்ப வேண்டும். நிமாலிங் அப்போதும் சிவப்பாகவே இருந்தது! ஓய்வு நாளையும் சேர்த்துச் சராசரி பார்ப்பதுதான் முறை என்பதால், நிமாலிங் உயரத்திலிருந்து முதல் ஹங்கர் உயரத்தைக் கழித்து, அடைப்புக்குறிக்குள் போட்டு 2ஆல் வகுத்தேன். 375. சிவப்பு போய்விட்டது. அந்த ஓய்வு நாளில் பள்ளத்தாக்கில் இரண்டு மணி நேரம் மேலே ஏறிவிட்டு, படுக்க ஹங்கருக்கே இறங்கி வந்தோம்.

மறுநாள் கடக்கும் கொங்மாரு லா கணவாய் சுமார் 5,200 மீட்டர். அன்றே மறுபக்கம் இறங்கிவிடுவதால் அது பட்டியலில் வராது. தலைவலி அதிகமானால் பட்டியல் என்ன சொன்னாலும் இறங்கிவிடுங்கள். எக்ஸெலுக்குத் தலைவலி தெரியாது. மாத்திரை பற்றி கிளம்பும் முன்பே டாக்டரிடம் கேளுங்கள்.

இன்னும் இரண்டு விஷயம். பள்ளத்தாக்கில் ஏடிஎம் இல்லை, ரொக்கம் லேயிலேயே எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஊர் ப்ரீபெய்டு சிம் லடாக்கில் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு வேண்டும். அதற்கும் உள்ளே சிக்னலை நம்ப முடியாது.

அதனால் இரண்டு பிரிண்ட் எடுத்தேன். ஒன்று என் சட்டைப் பையில், ஒன்று வீட்டு ஃப்ரிட்ஜ் மேல். அம்மாவின் பிரதியில் கடைசி வரிசைக்கு மட்டும் மஞ்சள் நிறம் கொடுத்திருந்தேன். அது நான் போன் செய்ய வேண்டிய நாள். அன்று இரவு 9 மணி வரை போன் வராவிட்டால் கூப்பிட வேண்டிய லே விடுதியின் எண்ணும் அதே வரிசையில் இருந்தது.