உடலைத் துறந்த முகங்கள்

பெரம்பலூர் மாவட்டம் வேப்பந்தட்டை வட்டத்தில், பச்சைமலையின் அடிவாரத்தை ஒட்டி அமைந்துள்ள அரும்பாவூரும் அதனை அடுத்த தழுதாழையும் கோயில் தேர்களுக்கும் வாகனங்களுக்கும் மரச்சிற்பங்களுக்கும் பெயர்பெற்ற ஊர்களாகும். ஒரு பொருளின் தனித்தன்மை அது பிறக்கும் மண்ணோடும் அம்மண்ணின் கைத்திறனோடும் பிரிக்க முடியாதது என்பதைச் சட்டப்படி உறுதிசெய்யும் புவிசார் குறியீடு, அரும்பாவூர் மரச்சிற்பங்களுக்கு 2020 ஆம் ஆண்டு வழங்கப்பட்டது. இப்பட்டறைகளில் உருவாகும் தெய்வத் திருமேனிகளைப் பற்றிப் பலரும் எழுதியுள்ளனர். ஆயினும் அத்திருமேனிகளின் தலைக்கு மேலே திருவாசியின் உச்சியிலும், தேரின் மூலைகளிலும், வாகனங்களின் முகப்பிலும் விழி பிதுங்க, கோரைப்பல் தெரிய நிற்கும் மரமுகங்களைத் தனியே எடுத்துப் பேசியவர் குறைவு.

உலகின் பல பண்பாடுகளில் செதுக்கிய முகம் என்றாலே அது மனிதன் அணிந்துகொள்ளும் முகமூடியையே குறிக்கும். இலங்கையின் தென்கரையிலுள்ள அம்பலாங்கொடையில் கதுரு என்னும் மென்மரத்தில் செதுக்கப்படும் சன்னி முகமூடிகள் பதினெட்டு நோய்ப் பேய்களைக் குறிப்பவை. அவற்றை அணிந்து ஆடுபவர் நோயைக் கண்முன் நிறுத்தி, பின்னர் அதனை விரட்டுகிறார். தஞ்சை மாவட்டம் மெலட்டூரில் நரசிம்ம ஜயந்தியை ஒட்டி நிகழும் பாகவத மேளாவில் நரசிம்மரின் முகமூடி பூசைக்குரிய பொருளாகவே போற்றப்படுகிறது. அதனை அணிபவர் விரதமிருந்தே அரங்கேறுகிறார். பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்தின் மரமுகங்களோ எந்த மனிதருடைய முகத்தின் மேலும் பொருந்துவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. அவை தெய்வத்தின் எல்லையில் நிலையாகப் பொருத்தப்படுபவை. அவற்றின் பொருளும் அங்கிருந்தே தொடங்குகிறது.

இம்முகங்களுள் தலையாயது கீர்த்திமுகம். தெய்வ உருவத்தைச் சூழ்ந்து நிற்கும் சுடர்வளைவாகிய திருவாசி, இருபுறமும் மகரம் எனப்படும் நீர்வாழ் கற்பனை விலங்கின் வாயிலிருந்து புறப்பட்டு மேலெழுந்து, உச்சியில் இந்த முகத்தில் வந்து கூடுகிறது. அருகில் நின்று பார்த்தால் அதன் இலக்கணம் புலப்படும்: புருவங்கள் சுருண்டு கொம்பு போல் எழும்பியிருக்கும்; விழிகள் கண்குழியை மீறி உருண்டு நிற்கும்; மேல்வரிசைப் பற்களுக்குக் கீழே பெரும்பாலும் தாடை இராது; அந்தத் திறந்த வாயிலிருந்து முத்துச்சரமோ கொடியோ வழிந்து இறங்கும். வடமொழிப் புராணங்கள் கூறும் சலந்தரன் என்னும் அசுரனின் கதையே இவ்வடிவத்துக்கு விளக்கமாக அமைகிறது. பார்வதியைத் தனக்குத் தருமாறு கேட்டுச் சலந்தரன் இராகுவைத் தூதனுப்ப, சினங்கொண்ட சிவபெருமானின் நெற்றியிலிருந்து அடங்காப் பசியுடைய பூதமொன்று வெளிப்பட்டு இராகுவை விழுங்கப் பாய்ந்தது. இராகு சிவனிடமே அடைக்கலம் புகுந்ததால் இரையை இழந்த பூதம், தன் பசிக்கு வழி கேட்டபோது, தன் உடலையே உண்ணுமாறு ஆணை பிறந்தது. அதுவும் கைகால் முதலாக எல்லாவற்றையும் தின்று தீர்த்து, முகம் மட்டும் எஞ்சி நின்றது. அப்பணிவைக் கண்டு மகிழ்ந்த இறைவன் அம்முகத்தைத் தன் வாயிலில் என்றும் இருக்கச் செய்தான் என்பது கதை. தாடையற்ற அந்த வாய், விழுங்கி முடித்தும் அடங்காத பசியின் வடிவம். அதைக் கடந்து தெய்வத்தை நோக்குபவர் தம் ஆசையின் உருவத்தைக் கடந்தே உள்ளே செல்கிறார்.

இவ்வடிவம் இந்த மண்ணுக்குப் புதியதன்று. அரியலூர் மாவட்டம் கங்கைகொண்ட சோழபுரத்தில் முதலாம் இராசேந்திரன் எழுப்பிய விமானத்தில், கூடு எனப்படும் லாட வடிவ வளைவுகளின் உச்சியில் சிம்மமுகங்கள் அமர்ந்துள்ளன. அதே வளாகத்திலுள்ள சிங்கமுகக் கிணற்றுக்குள் சிங்க உருவத்தின் வழியாகவே படியிறங்க வேண்டும். கல்லில் இவ்வாறு நிலைத்த முகம், வீதியுலா வரும் மரத்தேரிலும் வாகனத்திலும் தெய்வத்தோடு ஊர் முழுவதும் நடமாடுகிறது.

மரத்தில் முகம் பிறக்கும் முறையும் கூர்ந்து நோக்கத்தக்கது. வாகை, மா, வேம்பு முதலிய மரங்கள் சிற்பங்களுக்கும், உறுதிமிக்க இலுப்பை, வேங்கை போன்றவை தேர் வேலைக்கும் பயன்படுகின்றன. வாய்ச்சியால் கட்டையைச் செதுக்கிப் பருவடிவம் கொண்டுவந்த பின்னர், கொட்டாப்புளியால் தட்டிப் பலவகை உளிகளைக் கொண்டு உறுப்புகள் பிரிக்கப்படுகின்றன. வாகையின் வைரப்பகுதி கருமை கலந்த பழுப்பாகவும் வெளிப்பகுதி வெளிறியும் இருப்பதால், ஒரே முகத்தில் இரு நிறங்கள் தோன்றுவதுண்டு. திருவிழாவுக்குத் திருவிழா வாகனங்களின் மேல் பளபளக்கும் எனாமல் வண்ணத்தைப் பூசி, உளியின் நுணுக்கத்தையெல்லாம் மூடிவிடும் வழக்கம் வருந்தத்தக்கது. புருவச் சுருளின் ஆழம் குறைந்தால் முகத்தின் சினமும் குறைந்துவிடுகிறது.

சிற்பநூல்கள் உருவங்களை அளப்பது தாளம் என்னும் அலகால் ஆகும். ஒரு தாளம் என்பது முகத்தின் நீளம். அது பன்னிரண்டு அங்குலங்களாகப் பகுக்கப்படும். பெருந்தெய்வங்களுக்குப் பத்துத் தாளம், கணபதிக்கு ஐந்து தாளம் என்று உடல் முழுவதையும் முகமே அளந்து தருகிறது. இக்கணக்கில் கீர்த்திமுகம் வியப்புக்குரிய ஓர் இடத்தைப் பெறுகிறது: அளக்கப்படும் உடல் மறைந்து, அளவுகோலாகிய முகம் மட்டும் நிற்கும் உருவம் அது.

உடலை இழந்து முகமாக எஞ்சியவர்கள் தமிழர் வழிபாட்டில் வேறும் உண்டு. கள்ளக்குறிச்சி மாவட்டம் கூவாகத்தில் சித்திரை முழுநிலவை ஒட்டி நிகழும் கூத்தாண்டவர் விழாவின் நடுநாயகமாக விளங்குவது மரத்தாலான அரவான் தலை. பாரதப் போரில் பாண்டவர் வெற்றிக்காகக் களப்பலியான அரவான், போர் முழுவதையும் தன் வெட்டுண்ட தலையாலேயே காணும் வரம் பெற்றவன் என்பது தமிழ் மரபு. ஆகவே அம்மரத்தலையின் அகன்ற விழிகள் பார்ப்பதற்காகவே அமைந்தவை. குடியாத்தம் கெங்கையம்மன் திருவிழாவில் அம்மனின் சிரசு மட்டும் ஊர்வலமாக வந்து, பின்னர் உடலோடு பொருத்தப்படுகிறது. கணவனின் ஆணையால் வெட்டுண்ட இரேணுகையின் தலை பற்றிய கதை அதன் பின்னணியில் உள்ளது. கீர்த்திமுகக் கதையில் தூதாக வந்த இராகுவும் தலை மட்டுமாக எஞ்சியவனே. பூதம் உடலை உண்டது, அரவான் பலியாகக் கொடுத்தான், இரேணுகை தண்டனையாக இழந்தாள். காரணங்கள் வேறாயினும், உடலைத் துறந்த முகத்துக்கே காவலும் சாட்சியும் ஆகும் தகுதி உண்டு என்னும் எண்ணம் இவற்றை இணைக்கிறது. தனக்கென்று வேண்டுவதற்கு உடலற்ற ஒன்றையே மக்கள் தம் வாயிலில் நம்பி நிறுத்தினர் போலும்.

கட்டி முடியாத வீடுகளின் முன்னே தொங்கும் கோரைப்பல் முகங்களிலும் இந்த நம்பிக்கை தொடர்கிறது. திருஷ்டி கழிக்கும் பொம்மை என்று மட்டும் அவற்றை அழைப்பவர் பலருக்குத் தன்னையே தின்ற பூதத்தின் கதை தெரிந்திராது. ஆயினும் வாயிலில் முகத்தை நிறுத்தும் பழக்கத்தை அவர்கள் கைவிடவில்லை. மரமுகங்களில் விழி திறப்பது சிற்பியின் கடைசி வேலையாக வைக்கப்படுவதும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. மற்ற உறுப்புகள் அனைத்தும் முடிந்த பின்னரே கருவிழி வரையப்படுகிறது. அதுவரை வேலைப்பாடுடைய கட்டையாக இருந்த ஒன்று, அதன்பின் தெய்வத்தின் முன் காவலில் நிற்கும் உரிமையைப் பெறுகிறது.