47 திருகாணிகளும் உழைப்புப் பிரிவினையும்

திருகாணி பூட்டுதலைத் தனிமனித கவனத்தின்பாற்பட்ட செயலாகக் கருதுவதே வழமை. 1991 செப்ரெம்பர் 11இல் ரெக்சாஸில் வீழ்ந்து 14 உயிர்களைப் பலிகொண்ட கொன்ரினென்ரல் எக்ஸ்பிரஸ் விமானத்தை முன்வைத்து இதனை நாம் மீள்பரிசீலிக்கலாம்.

முந்திய இரவு, ஹியூஸ்ரனில், கிடைவாலின் பனிநீக்கும் இறப்பர் உறையை மாற்றுவதற்கென மாலைமுறைத் தொழிலாளர் மேற்புறத் திருகாணிகளைக் கழற்றினர். கழற்ற உதவியவர்களுள் ஒருவர் பரிசோதகர் என்பது கவனிக்கத்தக்கது. இடப்பக்கத்து 47 திருகாணிகள் கழற்றப்பட்ட செய்தி நள்ளிரவு முறையினரைச் சென்றடையவில்லை. அவர்கள் வலப்பக்கத்தை மட்டுமே முடித்தனர். காலையில் முதற் பறப்பு இடரின்றி நிகழ்ந்தது. திரும்புகையில், கீழ்ப்புறத் திருகாணிகள் மாத்திரமே தாங்கிநின்ற முன்விளிம்பு பிய்ந்துபோயிற்று.

விசாரணைச் சபையின் பெரும்பான்மையோர் பராமரிப்பாளரதும் பரிசோதகரதும் தவறுகளையே முதன்மைப்படுத்தினர். உயர் நிர்வாகத்தின் தவறும் காரணமாகக் குறிக்கப்பட வேண்டுமென மாறுபட்டவர் ஜோன் லோபர் ஒருவரே. நாம் அவர் பக்கமே நிற்கிறோம்: முறைகளை வகுத்தவர்கள் தொழிலாளரல்லர்.