தும்பிச் சிறகில் சாகும் கிருமி

மாரி மழை விட்டு வெயில் எறிக்கும் நாள்களில் கரவெட்டி வயல்வெளியில் தும்பிகள் தாழப் பறக்கும். அந்தச் சிறகில் பற்றீரியா ஒட்டினால் பிழைக்காது என்பது 2013இல்தான் வெளிவந்தது.

முதலில் ஆராயப்பட்டது சிள்வண்டு. 2012இல் மெல்பேர்ண் ஸ்வின்பேர்ண் பல்கலைக்கழகத்தில் எலெனா இவனோவாவின் குழு, அதன் சிறகில் சூடோமோனாஸ் எரூஜினோசாவை விட்டுப் பார்த்தது. தீக்காயத்திலும் சிறுநீர்க் குழாயிலும் குடியேறி, மருந்துக்கு இலேசில் மசியாத கிருமி அது. சில நிமிடங்களில் செத்தது. சிறகின் மேல் மெல்லிய பொன்பூச்சுப் பூசி அதன் இரசாயனத்தை மறைத்தபோதும் செத்தது. கொன்றது வடிவம். சிறகெங்கும் 200 நானோமீற்றர் அளவு உயரமான தூண்கள் நெருங்கி நிற்கின்றன. தலைமயிரின் தடிப்போ ஏறக்குறைய 80,000 நானோமீற்றர். ஒட்டிய கிருமியின் மேற்சவ்வு தூண்களுக்கிடையே இழுபட்டுக் கிழிகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம்.

தடித்த சுவருள்ள கிருமிகளிடம் சிள்வண்டுச் சிறகு பலிக்கவில்லை. தும்பிச் சிறகு அவற்றையும் கொன்றது. அதே பாங்கில் முள்முள்ளாக அரித்தெடுத்த ‘கறுப்புச் சிலிக்கன்’, ஒரு சதுர சென்ரிமீற்றரில் நிமிடத்துக்கு 450,000 கிருமிகள் வரை கொன்றது.

இதில் எனக்குப் பெரிதாகப் படுவது, நஞ்சே இல்லாமல் நடக்கும் கொலை. காயக்கட்டுகளில் இன்று சேர்க்கப்படும் வெள்ளி நானோதுணிக்கைகள் அருமையானவை. அவற்றிலிருந்து கசியும் வெள்ளி அயன்கள் கிருமியின் புரதங்களைப் பிடித்து முடக்கும். ஆனால் 1975இலேயே அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் பொது வைத்தியசாலையின் தீக்காய விடுதியில் வெள்ளிக்கு அடங்காத சல்மொனெல்லா தலையெடுத்து, நோயாளர் மூவர் இறந்தனர். அப்படிப்பட்ட மருந்தைக் காலுறையிலும் பூசி விற்பதைப் பார்க்க எனக்குக் கோபம் வருகிறது. வெள்ளி புண்பட்டவர்களுக்கு மிஞ்சவேண்டும்.

மந்திகை ஆஸ்பத்திரிக்குச் சலரோகப் புண்ணுக்கு மருந்து கட்டப் போகிறவருக்குத் தும்பிச் சிறகு உதவாது. ஏற்கெனவே சீழ் பிடித்த இடத்தில் அதற்கு வேலையில்லை. அதன் இடம், உடலுக்குள் வைக்கும் செயற்கை இடுப்பும் முழங்காலும். அவற்றில் கிருமி பற்றினால் பலவேளை மறுபடி சத்திரசிகிச்சை செய்து கழற்றவேண்டியிருக்கும். அதற்காகவே ரைற்றேனியத்தில் இத்தகைய முட்களை ஆய்வுகூடங்களில் உருவாக்கிச் சோதிக்கிறார்கள். செத்த கிருமிகள் முட்களின் மேல் படிந்து மூடிவிடுவதும், எலும்போடு உரசும்போது முட்கள் முறிவதும் இன்னும் தீரவேண்டிய சிக்கல்கள்.