350 சிசி கோடும் பிஸ்டனின் ஓட்டமும்

2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான பைக்குகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆனது. அதைத் தாண்டினால் 40. அறிவிப்பு வந்ததிலிருந்து வாசகர் கடிதங்களில் ஒரே குழப்பம்: கோட்டுக்குக் கீழே இருப்பதெல்லாம் சாதுவான வண்டி, மேலே இருப்பதுதான் பவர் வண்டியா? அரசு கோடு போட்டது வரி வசூலிக்கத்தான். இன்ஜினின் குணத்தை அது அளக்கவில்லை. ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350-ஐயும் 2017-ல் இந்தியாவுக்கு வந்த கேடிஎம் 250 டியூக்கையும் பாருங்கள். இரண்டுக்கும் போர் (சிலிண்டரின் உள்விட்டம்) ஒன்றே, 72 மி.மீ. பிஸ்டன் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடும் தூரமான ஸ்ட்ரோக்தான் வேறு: கிளாசிக்கில் 85.8, டியூக்கில் 61.1. நூறு சிசி குறைந்த டியூக் 9,000 ஆர்பிஎம்மில் சுமார் 30 குதிரைத்திறன் தருகிறது. கிளாசிக் 6,100-ல் சுமார் 20 தருவதோடு சரி.

சூட்சுமம் பிஸ்டனின் வேகத்தில் இருக்கிறது. கிராங்க் ஒருமுறை சுற்றினால் பிஸ்டன் ஸ்ட்ரோக்கைப் போல இரு மடங்கு தூரம் ஓடியாக வேண்டும். மேற்சொன்ன ஆர்பிஎம்களில் கணக்குப் போட்டால் கிளாசிக்கின் பிஸ்டன் நொடிக்குச் சராசரியாக 17.4 மீட்டர் ஓடுகிறது, டியூக்கினுடையது 18.3. ஏறக்குறைய ஒரே ஓட்டம்! ஸ்ட்ரோக் குட்டையானதால் அதே ஓட்டத்தில் டியூக்கால் நிமிடத்துக்குக் கூடுதலாக 2,900 சுற்று சுற்ற முடிகிறது. இரண்டு சுற்றுக்கு ஒருமுறை எரிபொருள் எரிகிறது; சுற்று கூடக் கூட பவர் கூடுகிறது. டியூக்கில் நான்கு வால்வு, கிளாசிக்கில் இரண்டுதானே என்று கேட்கலாம். நியாயம்தான், ஆனால் அந்த வேகத்தில் காற்றை உள்ளே இழுக்கத்தான் நான்கு வால்வு.

‘லாங் ஸ்ட்ரோக் என்றால் நீண்ட ஆயுள்’ என்ற ஷோரூம் பேச்சு பாதிதான் உண்மை. இரண்டும் 5,000 ஆர்பிஎம்மில் ஓடினால் சிலிண்டர் சுவரில் அதிகம் தேய்வது கிளாசிக்கின் பிஸ்டன்தான். ஆனால் ஒவ்வொரு முனையிலும் பிஸ்டனை நிறுத்தித் திருப்பும் விசை ஆர்பிஎம்மின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். உச்ச பவரில் டியூக்கின் பிஸ்டன் படும் முடுக்கம் கிளாசிக்கைப் போல ஒன்றரை மடங்கு. கனெக்டிங் ராடும் பேரிங்கும்தான் அதைத் தாங்க வேண்டும். கிளாசிக்கின் உச்ச டார்க்கான 27 நியூட்டன் மீட்டர் 4,000-லேயே கிடைத்துவிடுவதால், முறுக்காமலே வண்டி இழுக்கும். ஆயுள் அந்த நிதானத்தில் கிடைப்பது, ஸ்ட்ரோக்கின் நீளத்தில் அல்ல.

மற்ற கேள்விகள். கிளாசிக்கை அரை மி.மீ. ரீபோர் செய்தால்? 354 சிசி ஆகும். அப்போது 40 சதவீதமா? இல்லை, வரி வண்டி விற்கும்போது மட்டும். மைலேஜ்? ஸ்ட்ரோக்கைவிட உங்கள் வலது கையைப் பொறுத்தது.