கணு பார்த்து வாங்குக

கலஹா மலைச்சாரலில் மிளகு பயிரிடுவோர் கணுவில்லாத துண்டை மண்ணில் ஊன்றுவதில்லை. வேரும் தளிரும் கணுவினின்றே பிறப்பன. தென் மெக்சிக்கோக் காடுகளில் மரமேறி வளரும் மொன்ஸ்டெராக் கொடிக்கும் இஃது ஒக்கும். ஆயினும், இலையிற் பாதி வெள்ளையாக அமைந்த அதன் அரிய வகையை விரும்புவோர் சிலர், ஒற்றை இலையின் அழகில் மயங்கிப் பெரும்பொருள் கொடுத்துவிடுகின்றனர். கணுவற்ற இலை நீரில் வேர்விடவுங்கூடும்; மாதக்கணக்கில் வாடாதிருக்கவுங்கூடும்; புதுத்தளிர் மட்டும் ஈனாது.

வெண்மை மிகுதலும் நன்றன்று. வெள்ளைப் பகுதியிற் பச்சையம் இல்லை. ஆகவே அது உணவு ஆக்குவதில்லை. முற்றும் வெளுத்த கிளை பிற இலைகளின் உழைப்பிலேயே பிழைப்பது. அதனைத் தனியே வெட்டி நட்டால் மடியும். தண்டிலே பச்சையும் வெள்ளையும் கலந்தோடுகின்றனவா என்று நோக்கியே வாங்கவேண்டும்.

யன்னலோர வெளிச்சம் இதற்குப் போதும். உச்சிவெயில் இலையைக் கருக்கும். தும்பும் கரித்துண்டும் கலந்த மண்ணில் நட்டு, மேல்மண் உலர்ந்த பின்னரே நீர் வார்த்தல் நன்று. மழைக்காலத்து மலைநாட்டிலே மண் எளிதில் உலராது. அப்போதும் நாள்தோறும் நீரூற்றினால் வேர் அழுகும். தும்பு சுற்றிய கம்பொன்றை நாட்டினால், கொடி அதனைப் பற்றியேறிப் பேரிலை விடும். சாறு வாயையும் தொண்டையையும் அரிக்குமாதலால், குழந்தைகளுக்கு எட்டாதிருத்தல் அவசியம்.

கொடி முழுப்பச்சையாகத் தளிர்க்கத் தொடங்கினால், வெண்கோடுள்ள கணுவுக்குச் சற்று மேலே வெட்டிவிடவேண்டும். வெட்டிய துண்டும் வீணன்று. கணுவிருந்தால் அதுவும் பச்சைக் கொடியாக வளரும்.