மூன்றாம் நம்பர் கம்ப்யூட்டருக்கு என்ன நோய்?

போன இதழில் மண்புழு உரம் பற்றி எழுதியிருந்தார்கள். இந்தத் தடவை நம் கம்ப்யூட்டர் அறையைப் பற்றி நான் எழுதுகிறேன்.

ஜன்னல் ஓரமாகப் பூப்போட்ட துணி போர்த்தி, "பழுது, தொடாதே" என்று அட்டை ஒட்டி ஒரு கம்ப்யூட்டர் இருந்ததே, ஞாபகம் இருக்கிறதா? அதுதான் மூன்றாம் நம்பர். தீபாவளிக்கு முன்னாடி போர்த்திய துணியைப் பிப்ரவரியில்தான் எடுத்தோம். அதுவரைக்கும் ஒருத்தி மௌஸ் பிடிக்க நாலு பேர் அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

டவுனிலிருந்து வந்த மெக்கானிக் ஒருவர் பார்த்துவிட்டு, "ஹார்ட் டிஸ்க் போச்சுங்க டீச்சர். புதுசு போடணும். இல்லாட்டி ஃபார்மட் பண்ணிப் பார்க்கலாம்" என்றார். ஃபார்மட் என்றால் உள்ளே இருப்பது எல்லாம் போய்விடும். அதில்தான் நம் பசுமைப் படையின் மழைக்கணக்கு இருந்தது! மொட்டை மாடியில் உள்ள மழைமானியில் தினமும் காலை எட்டரை மணிக்கு அளந்து எழுதியது, முழுசாக இரண்டு வருஷக் கணக்கு. நோட்டில் இருந்ததை வைத்துக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். அந்த நோட்டு ஐப்பசி மழையில் பீரோவோடு நனைந்து மை கரைந்துவிட்டது. மழைக்கணக்கை மழையே அழித்துவிட்டது. அதனால்தான் அறிவியல் டீச்சர் ஃபார்மட்டுக்குச் சம்மதிக்கவில்லை. துணியைப் போர்த்தி வைத்துவிட்டார்.

நம் அறையில் இருப்பது லினக்ஸ். 1991-ல் பின்லாந்து நாட்டில் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் படித்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயது மாணவர் எழுத ஆரம்பித்தது. அவர் எழுதியது கெர்னல் என்கிற நடுப்பகுதியைத்தான். நாம் பயன்படுத்தும் 'பாஸ்' என்பது அந்தக் கெர்னலை வைத்து சி-டாக் என்ற மத்திய அரசு நிறுவனம் தயாரித்து 2007-ல் வெளியிட்ட லினக்ஸ் வகை. கீபோர்டு, மௌஸ், டிஸ்க், ஸ்பீக்கர் எல்லாவற்றோடும் பேசுவது கெர்னலின் வேலை. ஒவ்வொரு பொருளோடும் எப்படிப் பேசுவது என்று அதற்குச் சொல்லித்தருகிற சின்ன நிரலுக்கு டிரைவர் என்று பேர். (பஸ் டிரைவர் இல்லை!) லினக்ஸில் பெரும்பாலான டிரைவர்கள் கெர்னலோடு சேர்ந்தே வருகின்றன. அதனால் ஒரு பொருளைச் செருகியதும் தனியாக சி.டி. தேடவேண்டிய வேலை அதிகம் இல்லை.

எனக்கு லினக்ஸில் ரொம்பப் பிடித்த விஷயம், அது எதையும் மறைக்காது. கெர்னல் கண் விழித்த முதல் விநாடியிலிருந்து டைரி எழுதிக்கொண்டே இருக்கிறது. கறுப்பு ஜன்னலைத் திறந்து டி-எம்-இ-எஸ்-ஜி என்று ஆங்கிலச் சின்ன எழுத்தில் தட்டினால் அந்த டைரி வரும். (நடுவில் நான் போட்டிருக்கும் கோடு படிப்பதற்காக மட்டும். தட்டும்போது கோடு வேண்டாம். புதிய லினக்ஸ் சிலவற்றில் முன்னால் சூடோ என்றும் சேர்க்க வேண்டும்.) ஒவ்வொரு வரிக்கும் முன்னாடி சதுர அடைப்புக்குள் ஒரு எண் இருக்கும். அது கெர்னல் எழுந்து எத்தனை விநாடி ஆயிற்று என்ற கணக்கு.

இதெல்லாம் எனக்கு முதலில் தெரியாது. பொங்கல் லீவுக்கு எங்கள் சின்னம்மா மகள் அக்கா வந்திருந்தார். பாலிடெக்னிக்கில் படிக்கிறார். மூன்றாம் நம்பர் கதையைச் சொன்னேன். "திரையில என்ன எழுதியிருந்துச்சு?" என்று கேட்டார். "என்னமோ எரர்னு இருந்துச்சுக்கா" என்றேன். "என்னமோன்னா எனக்கு எப்படித் தெரியும்? டாக்டர்கிட்டப் போய் எங்கேயோ வலிக்குதுன்னா சொல்லுவே? ஒரு எழுத்து விடாம எழுதிட்டு வா" என்று சொல்லிவிட்டார். எனக்குக் கொஞ்சம் கோபம்தான். இருந்தாலும் பள்ளி திறந்ததும் டீச்சரிடம் அனுமதி வாங்கி, துணியை நீக்கி, சுவிட்சைப் போட்டு, வந்ததை எல்லாம் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதினேன்.

முதலில் 'சிமாஸ் செக்சம் எரர்' என்று வந்து எஃப் 1 பட்டனை அழுத்தச் சொன்னது. அழுத்தினேன். அப்புறம் லினக்ஸ் எழும்பிப் பாதியிலேயே நின்றது. வட்டைச் சோதிப்பது தோல்வி, நீங்களே கையால் சோதியுங்கள் என்று பெரிதாக ஒரு வரி. மெக்கானிக் இதைப் பார்த்துத்தான் ஹார்ட் டிஸ்க் போச்சு என்றிருக்க வேண்டும். ஆனால் அதற்கு ஒரு வரி மேலே என்ன இருந்தது தெரியுமா? இந்த வட்டைக் கடைசியாகத் திறந்த நேரம் எதிர்காலத்தில் இருக்கிறது என்று இங்கிலீஷில் இருந்தது! எழுதும்போதே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தப்பாகப் படித்துவிட்டேனோ என்று மறுபடி படித்தேன். அதேதான்.

சாயங்காலம் டீச்சர் போனிலிருந்து அக்காவிடம் படித்துக் காட்டினேன். ஒரு நிமிஷம் பேச்சே இல்லை. அப்புறம், "தேதி என்னன்னு அதுகிட்டயே கேளு" என்றார்.

அப்படிப் பாதியில் நிற்கும்போது லினக்ஸ் 'ரூட்' என்கிற தலைமை ஆளின் கடவுச்சொல்லைக் கேட்கும். நல்லவேளை, அது ஸ்டாக் ரிஜிஸ்தரின் பின் அட்டையில் எழுதியிருந்தது. போட்டோம். டி-ஏ-டி-இ என்று தட்டினேன். 2008 ஜனவரி 1 என்று காட்டியது. நான் அப்போது பிறக்கவே இல்லை!

இப்போது புரிகிறதா? லினக்ஸ் ஒவ்வொரு தடவை வட்டைத் திறக்கும்போதும் தேதியையும் நேரத்தையும் வட்டிலேயே குறித்து வைக்கும். கடைசியாகக் குறித்தது போன அக்டோபரில். இப்போது கடிகாரம் 2008 என்கிறது. அதன் கணக்குப்படி அக்டோபர் இன்னும் வரவே இல்லை. வராத நாளில் யார் இந்த வட்டைத் திறந்தது, ஏதோ தப்பு நடந்திருக்கிறது என்று பயந்து நின்றுவிடுகிறது. பழைய லினக்ஸ் பதிப்புகளில் இந்தப் பயம் அதிகம். நம்முடையது பழசு.

கடிகாரம் ஏன் பின்னால் போனது? கரண்ட் இல்லாதபோதும் கம்ப்யூட்டருக்குள் ஒரு சின்னக் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். அதற்குச் சோறு போடுவது மதர்போர்டில் உள்ள காசு மாதிரி வட்டமான ஒரு பேட்டரி. அதன் பேர் சி.ஆர். 2032. அந்த எண்ணுக்கும் அர்த்தம் இருக்கிறது. 20 என்றால் 20 மில்லிமீட்டர் அகலம். 32 என்றால் 3.2 மில்லிமீட்டர் தடிமன். நான் ஸ்கேல் வைத்து அளந்து பார்த்தேன், சரியாக இருந்தது. மின்னழுத்தம் 3 வோல்ட்.

கடிகாரத்துக்குள் ஒரு குவார்ட்ஸ் படிகம் விநாடிக்கு 32,768 தடவை அதிர்கிறது. ஏன் இப்படி ஒரு வாயில் நுழையாத எண்? கணக்கு சார் அடுக்குகள் நடத்தினாரே, 2-ஐப் 15 தடவை பெருக்கிப் பாருங்கள். 32,768 வரும். அதனால் பாதி, பாதியில் பாதி என்று 15 தடவை குறைத்தால் விநாடிக்குச் சரியாக ஒரு துடிப்பு கிடைத்துவிடும். நம் கைக்கடிகாரங்களிலும் பெரும்பாலும் இதே எண்தான்.

இங்கே எனக்கு ஒரு பழைய விஷயம் ஞாபகம் வந்தது. போன வருஷம் கம்ப்யூட்டர் அறையைப் பார்த்துக்கொண்ட சார், திங்கட்கிழமை மட்டும் மூன்றாம் நம்பரில் ஒரு நீல நிறப் பக்கத்துக்குப் போய் என்னவோ மாற்றிவிட்டு வருவார். செவ்வாய், புதன் எல்லாம் தானாகவே ஓடும். அக்காவிடம் சொன்னதும், "அதேதான்! வெள்ளிக்கிழமை மெயின் சுவிட்சை அணைப்பீங்களா?" என்று கேட்டார். ஆமாம், அணைப்போம். மற்ற நாளில் கம்ப்யூட்டரை மட்டும் நிறுத்துவோம், மெயினை அணைக்க மாட்டோம். மெயின் இருக்கும்வரை எஸ்.எம்.பி.எஸ். பெட்டியிலிருந்து கொஞ்சம் மின்சாரம் மதர்போர்டுக்கு வந்துகொண்டே இருக்குமாம். அப்போது கடிகாரத்துக்குப் பேட்டரியே தேவையில்லை. சனி, ஞாயிறுதான் பேட்டரியை நம்பி இருக்கும். அது செத்த பேட்டரி. அந்த சார் தேதியைத்தான் சரிசெய்துகொண்டிருந்திருக்கிறார். அக்டோபரில் அவர் மாறுதலில் போனார், வைத்தியமும் அவரோடு போய்விட்டது. யாராவது ஒரு துண்டுச் சீட்டில் எழுதி ஒட்டியிருந்தால் நமக்கு நாலு மாதம் மிச்சம்.

மறுநாள் மதியம் டீச்சர் பக்கத்தில் நிற்க வேலையை ஆரம்பித்தோம். முதலில் பேட்டரியை மாற்றவில்லை. கம்ப்யூட்டர் எழும்பும்போது டெலீட் பட்டனை அழுத்தி அந்த நீலப் பக்கத்துக்குப் போய், அன்றைய தேதியைப் போட்டு, எஃப் 10 அழுத்திச் சேமித்தோம். லினக்ஸ் ஒரு குறையும் சொல்லாமல் எழுந்து வந்தது. டீச்சர், "கண்ணு, முதல்ல காப்பி எடு" என்றார். மழைக்கணக்கைப் பென்டிரைவில் எடுத்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. அப்புறம் டைரியைப் பார்த்தேன். ஹார்ட் டிஸ்க் நிஜமாகவே கெட்டிருந்தால் அதில் 'ஐ.ஓ. எரர்' என்று வரிசையாக வரும். சில சமயம் டிஸ்க்கிலிருந்து டிக் டிக் என்று சத்தமும் கேட்கும். இதில் இரண்டும் இல்லை.

பேட்டரி மாற்றும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு. மெயின் வயரையே பிடுங்கிவிட வேண்டும். கேபினட்டின் வெறும் இரும்பை ஒரு தடவை தொட்டுவிட்டுத்தான் உள்ளே கை வைக்க வேண்டும். நம் உடம்பில் உள்ள நிலைமின்சாரம் சின்னச் சின்னச் சில்லுகளைக் கெடுத்துவிடும். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் யாரும் திறக்கவே கூடாது. வயரைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் மின்சாரம் தங்கியிருக்கும். பேட்டரியில் ப்ளஸ் போட்ட பக்கம் மேலே வர வேண்டும். பழைய பேட்டரியை டீச்சர் மல்டிமீட்டரில் வைத்துக் காட்டினார். 3 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 1.2 காட்டியது. புதுசு கடிகாரக் கடையில் முப்பது ரூபாய். இன்னொன்று, வீட்டில் தம்பி தங்கை இருப்பவர்கள் கேளுங்கள். இந்தக் காசுப் பேட்டரியைக் குழந்தை விழுங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயை அரித்துவிடக்கூடும். தானாக வெளியே வரட்டும் என்று காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

மற்ற சில்லறை நோய்களையும் சொல்லிவிடுகிறேன். மௌஸ் வேலை செய்யவில்லை என்றால் எல்-எஸ்-யூ-எஸ்-பி என்று தட்டுங்கள். யூ.எஸ்.பி.யில் செருகிய பொருள்கள் பட்டியலாக வரும். அதில் 'ரூட் ஹப்' என்று சில வரி இருக்கும், அது கம்ப்யூட்டரின் சொந்தத் துளை, நம் பொருள் இல்லை. மௌஸைப் பிடுங்கி ஒரு தடவை, செருகி ஒரு தடவை தட்டிப் பாருங்கள். ஒரு வரி கூடினால் கம்ப்யூட்டர் மௌஸைப் பார்த்துவிட்டது, குற்றம் வேறெங்கோ. கூடவில்லை என்றால் வயர் அல்லது துளை. இப்படித்தான் இரண்டாம் நம்பர் மௌஸின் வயர் உள்ளே அறுந்திருந்ததைக் கண்டுபிடித்தோம். (எலி கடித்த எலி என்று எட்டாம் வகுப்புப் பையன்கள் சிரித்தார்கள்.)

கடவுச்சொல் சரியாகப் போட்டும் திரும்பத் திரும்ப அதே பக்கமே வந்தால், வட்டு நிறைந்திருக்கலாம். டி-எஃப், இடம் விட்டு ஒரு கோடு, அதோடு ஒட்டி ஹெச் என்று தட்டினால் எத்தனை சதவீதம் நிறைந்திருக்கிறது என்று தெரியும். இந்தக் கோட்டை மட்டும் நிஜமாகவே தட்ட வேண்டும். நாலாம் நம்பரில் 100 காட்டியது. காரணம் யாரோ ஏற்றி வைத்த சினிமா. யார் என்று நான் எழுத மாட்டேன், அவர்களுக்கே தெரியும்.

திரையே வராமல் பீப் பீப் என்று நீளமாகக் கத்தினால் பெரும்பாலும் ரேம் சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம். போர்டுக்குப் போர்டு பீப் கணக்கு மாறும். பெரியவர்களை வைத்துக்கொண்டு, வயரைப் பிடுங்கிவிட்டு, ரேமைக் கழற்றி அதன் தங்க நிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் துடைத்து, துகளை நீக்கி, டக் என்று சத்தம் வரும்வரை அழுத்திப் போட வேண்டும்.

மழைக்கணக்கில் நாலு மாதம் விட்டுப்போனதுதான் எனக்கு வருத்தம். நோட்டு நனைந்த பிறகு ஒழுங்காக யாரும் எழுதவில்லை. அந்தக் கட்டங்களை டீச்சர் காலியாகவே விடச் சொல்லிவிட்டார், பூஜ்யம் போடக்கூடாதாம். பூஜ்யம் என்றால் மழை பெய்யவில்லை என்று அர்த்தம், காலி என்றால் நாம் அளக்கவில்லை என்று அர்த்தம்.

பேட்டரி மாற்றிய தேதியைச் சீட்டில் எழுதி மூன்றாம் நம்பரின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கிறேன். தயவுசெய்து யாரும் கிழிக்காதீர்கள். ஐந்தாம் நம்பரில் ஸ்பீக்கர் சத்தம் இன்னும் வரவில்லை. மியூட் இல்லை, வயரும் நன்றாக இருக்கிறது. டைரியில் சவுண்ட் பற்றி வந்த இரண்டு வரியை எழுதி வைத்திருக்கிறேன். புதன்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் பார்க்கப் போகிறோம். வர விரும்புகிறவர்கள் ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி